கதைக்கப் பயப்படுகிற மகனைக் கூத்துக்கு விடலாமா?

கேள்வி:

மட்டக்களப்பு மாவட்டத்துப் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கணவர் கட்டாரில். மூத்தவனுக்கு 16 வயது. ஓ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறான். படிப்பில் குறையில்லை. ஆனால் நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டான். பத்தாம் வகுப்பில் காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்க விட்டார்கள். பாதியில் குரல் அடைத்து அப்படியே நின்றுவிட்டான், பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு கடைக்குப் போவதற்கும் தயங்குகிறான், தகப்பனோடு போனில்கூட ரெண்டு சொல்லுக்கு மேல் இல்லை. அதே வருசம் நவம்பர் வெள்ளத்துக்குப் பாடசாலையில் முகாம் போட்ட நேரம் மட்டும் கிராம சேவகர் ஐயாவோடு நின்று பேர் எழுதினான். மறுகா பழையபடி அறைக்குள்தான். இப்போது ஊரில் கூத்துப் பழக்கப் போகிறார்கள். கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வந்து, "பொடியன்ட குரல் நல்ல குரல், என்னட்ட விடுங்க" என்று கேட்டார். என்னுடைய அண்ணன், "கூத்தாடப் போனா ஏ.எல் கெட்டுப்போகும். ரவுனில மூன்று நாள் ஆளுமை விருத்தி வகுப்பு வைக்கிறாங்க, அதுக்குக் காசைக் கட்டு" என்கிறார். மகனைக் கேட்டால் "ஏலா" என்ற ஒரு சொல்தான் வருகிறது. எதற்கு அனுப்புவது? இளையவள், 14 வயது, பாடசாலைக் கபடி அணியில் சேரக் கேட்கிறாள். அவளுக்குக் கூச்சமெல்லாம் இல்லை, நல்ல வாயாடி. அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உளவளத்துணையாளரின் பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது வெள்ள முகாமைப் பற்றிய வரியைத்தான். நீங்கள் அதை ஒரு விதிவிலக்காகச் சொல்லிவிட்டுக் கடந்துபோயிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கேள்விக்கான விடையே அதற்குள் இருப்பதாகப் படுகிறது.

2024 நவம்பர் வெள்ளத்தில் நம் மாவட்டத்தின் பாடசாலைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நனைந்த பாய், அழுகிற குழந்தை, மருந்தை வீட்டில் விட்டுவிட்டு வந்த வயதானவர்கள், "எங்கட பேர் விடுபட்டுப் போச்சு" என்று சத்தம் போடுகிற ஆட்கள். அந்தச் சனத்துக்குள் நின்று பேர் எழுதுவதென்றால் குடும்பத்தில் எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, பால்மா வேண்டுமா, யாருக்குச் சீனி வருத்தம் என்றெல்லாம் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும். அடையாள அட்டை இலக்கத்தைத் திருப்பிக் கேட்க வேண்டும். அதையெல்லாம் உங்கள் மகன் கேட்டிருக்கிறான். அதுவும் காலைக் கூட்டத்தில் குரல் அடைத்ததற்குப் பிறகு.

ஆகவே இவனுக்குக் கதைக்கத் தெரியாது என்று நான் ஏற்கமாட்டேன். முகாமில் அவன் கையில் ஒரு கொப்பி இருந்தது, செய்து முடிக்க ஒரு வேலை இருந்தது. எதிரே இருந்தவர்கள் அவன் எப்படி நிற்கிறான், குரல் நடுங்குகிறதா என்று பார்க்கவில்லை. தங்கள் பேர் பதிவாகிறதா என்றுதான் பார்த்தார்கள். காலைக் கூட்டத்தில் நிலைமை நேர்மாறு. அவன் வாசித்த செய்தி அங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. வாசிக்கிறவனைத்தான் எல்லாரும் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்படிப் பார்க்கப்படும்போது மனம் உள்நோக்கித் திரும்பிவிடும். சொல்ல வேண்டியது மறந்து, "என்ட குரல் எப்படிப் போகுது, கை நடுங்குறது தெரியுதா" என்பதே நினைவாகிவிடும். அந்த நினைவே குரலை அடைத்துவிடும்.

இதில் மகனுக்கு நீங்கள் சொல்லக்கூடிய ஒரு ஆய்வு உண்டு. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் தோமஸ் கிலோவிச்சும் அவருடன் பணியாற்றியவர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. வெட்கப்படும்படியான படம் போட்ட ஒரு சேர்ட்டை ஒரு மாணவனுக்குப் போட்டு, மற்ற மாணவர்கள் இருக்கிற அறைக்குள் அனுப்பினார்கள். பிறகு, "எத்தனை பேர் இந்தப் படத்தைக் கவனித்திருப்பார்கள்?" என்று கேட்டார்கள். ஏறத்தாழ அரைவாசிப் பேர் என்று நினைத்தார்கள் அப்படிப் போனவர்கள். உண்மையில் கவனித்தவர்கள் காற்பங்கு அளவுதான். நம்மை ஊர் பார்க்கிறது என்று நாம் நினைக்கிற அளவுக்கு ஊர் பார்ப்பதில்லை. பதின்ம வயதில் இந்த எண்ணம் பலமாக நிற்கும். அதனால் அன்று சிரித்த பிள்ளைகள் அதை எப்போதோ மறந்திருப்பார்கள், இவன் மட்டும் சுமந்துகொண்டு திரிகிறான்.

இனி உங்கள் அண்ணன் சொல்கிற மூன்று நாள் வகுப்பு. அதை ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நல்ல மனதோடு நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை ஒரு ஆளுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை உளவியலாளர் அல்பேர்ட் பண்டுரா 1977இல் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றுவரை பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் பலமானது, தானே ஒரு காரியத்தைச் செய்து முடித்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவன் செய்து முடிப்பதைக் கண்ணால் காண்பது. "உன்னால் முடியும், பயப்படாதே" என்று பிறர் சொல்லும் வார்த்தை இவை இரண்டுக்கும் பிறகுதான் வருகிறது. அந்தப் படபடப்பை உடம்பு எப்படி உணர்கிறது என்பதும் ஒரு பங்கு. மூன்று நாள் வகுப்பில் அதிகம் கிடைப்பது வார்த்தை. அதோடு, கூச்சமுள்ள பிள்ளையை முதல் நாளே அறிமுகமில்லாத ஐம்பது பேருக்கு முன்னால் எழுப்பி மைக்கைக் கொடுத்துத் தன்னை அறிமுகம் செய்யச் சொல்லுகிற பழக்கம் இத்தகைய வகுப்புகளில் உண்டு. உங்கள் மகனுக்கு அது இன்னொரு காலைக் கூட்டம். அந்தக் காசை இப்போதைக்குக் கட்ட வேண்டாம்.

கூத்துக்கு விடலாம் என்பதே என் கருத்து. ஆனால் எப்படி விடுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கூத்து ஒரு பிள்ளையை எப்படிக் களரிக்கு, அதாவது கூத்தாடுகிற வட்டக் களத்துக்கு, கொண்டுபோகிறது என்று யோசித்துப் பாருங்கள். நல்ல நாள் பார்த்துச் சட்டம், அதாவது ஆளாளுக்குரிய பகுதியை எழுதிக் கொடுப்பார்கள். ஆளுக்குரிய பாட்டையும் வசனத்தையும் பெரியவர்கள் முன்னிலையில் கையில் வாங்கிய கணமே, "இந்தப் பங்கு உன்னுடையது, உன்னை விட்டால் ஆள் இல்லை" என்று ஊர் அந்தப் பிள்ளைக்குச் சொல்லிவிடுகிறது. பிறகு மாதக்கணக்கில் இரவுப் பழக்கம். ஒரு தாளக்கட்டு, களரிக்குள் வரும்போது ஆடுகிற ஒரு வரவாட்டம், ஒரு விருத்தம் என்று சிறிது சிறிதாக. கால் பிழைத்தால் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவார். அங்கே பிழைக்காத ஆளே கிடையாது. அரசனாக ஆடப்போகிற பெரிய ஆளும் பிழைப்பார், அவருக்கும் ஏச்சு விழும். அதன் பிறகு சதங்கை அணிதல், முழுக் கூத்தையும் ஒழுங்காக ஓடவிட்டுப் பார்க்கிற அடுக்குப் பார்த்தல், கடைசியில் அரங்கேற்றம், அதற்கும் பிறகு வீட்டுக்கு வீடு போய் ஆடுதல். பயமுள்ள ஒருவரைப் படிப்படியாகப் பயத்துக்குப் பழக்குவதைத்தான் நாங்கள் சிகிச்சையில் செய்கிறோம். அந்தப் படிகளை நம் அண்ணாவிமார் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கிறார்கள் என்பதை நான் மிகுந்த மரியாதையோடு சொல்கிறேன்.

களரியின் அமைப்பையும் கவனியுங்கள். சனம் சுற்றிவர இருக்கும், நடுவில் அண்ணாவியார் மத்தளத்தோடும், சல்லரி என்ற கைத்தாளம் போடுகிற சல்லரிக்காரர், பிற்பாட்டுக்காரரோடும் நிற்பார். ஆடுகிறவர் அவர்களைச் சுற்றித்தான் ஆடுகிறார். ஏடு பார்க்கிறவர் ஒருவர் இருப்பார், சொல் மறந்தால் எடுத்துக் கொடுப்பார். ஆடுகிறவர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவார்கள், அந்த நேரத்தில் மூச்சை எடுத்துக்கொள்ளலாம். ஒரு அடி தவறினாலும் மத்தளம் தாங்கிக்கொண்டு போகும். காலைக் கூட்டத்தில் தாளும் கையுமாகத் தனியாக நின்ற பிள்ளைக்கு இந்த இடம் எவ்வளவு வித்தியாசமானது! இங்கே அவன் ஒருபோதும் தனியாக இல்லை.

அதனால் அண்ணாவியாரிடம் நீங்கள் நேரில் போய்க் கதையுங்கள். மகனுடைய குரலைப் பார்த்துவிட்டு அவர் ஒரு பெரிய பாத்திரத்தை மனதில் வைத்திருக்கக்கூடும். இந்த முறை அது வேண்டாம். முதல் ஒன்றிரண்டு கிழமை அவன் சும்மா வந்து இருந்து பார்க்கட்டும். பிறகு சல்லரியைக் கையில் கொடுங்கள், அல்லது பிற்பாட்டில் நிற்கவிடுங்கள் என்று கேளுங்கள். சல்லரி பிடிக்கிறவன் களரியின் நடுவில் நிற்கிறான், எல்லார் கண்ணும் ஆட்டக்காரரில் இருக்கும், ஆனால் தாளம் அவன் கையில்தான் இருக்கிறது. பெயர் எழுதிய கொப்பியைப் போல் இங்கே சல்லரி. அதில் கால் ஊன்றிய பிறகு, அவனாகவே விரும்பினால், அரசன் வருவதை அறிவிக்கிற கட்டியகாரனோ தூதுவனோ போன்ற ஒரு சிறு வரவு. விரும்பவில்லை என்றால் இந்தக் கூத்து முழுக்கச் சல்லரியோடேயே போகட்டும், அதிலும் ஒரு குறையுமில்லை.

பெரியவர்கள் ஏசுவதைப் பற்றியும் அவரிடம் மனம் விட்டுச் சொல்லுங்கள். பிழையைத் திருத்துவதற்கு ஏசுவது வேறு, ஆளைப் பகிடி பண்ணுவது வேறு. காலைக் கூட்டத்தில் நடந்ததை அண்ணாவியாருக்குச் சொன்னால், மற்றப் பொடியன்மாரை அவர் பார்த்துக்கொள்வார். இரவுப் பழக்கம் எத்தனை மணிக்கு முடியும், யாரோடு திரும்பி வருவான், அந்த இடத்தில் குடி இருக்குமா என்றும் தயங்காமல் கேளுங்கள். குடித்துவிட்டு வருகிறவர்களுக்கு நடுவில் பிள்ளையை விடச் சொல்லி நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். இதற்கு நேரான பதில் கிடைக்கவில்லை என்றால் கூத்தை விட்டுவிட்டு நான் பிறகு சொல்கிற வழியைப் பாருங்கள்.

உங்கள் அண்ணனின் கவலையைத் தள்ளிவிட முடியாது. தாய்மாமன் சொல்லுக்கு நம் பக்கத்தில் இருக்கிற பாரம் எனக்கும் தெரியும், அவர் பிள்ளையின் படிப்பை நினைத்துத்தான் சொல்கிறார். அவரிடம் இதைச் சொல்லலாம்: 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று அடுத்தடுத்துக் கூத்துகளை மேடையேற்றினார். ஆடியவர்கள் அங்கே பட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். இராவணேசனில் இராவணனாக ஆடியவர் மட்டக்களப்பின் சி. மௌனகுரு. பின்னாளில் அவரே பேராசிரியராகிக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கூத்தை ஒரு கல்வித்துறையாக வளர்த்தார். கல்லடியில் இருக்கிற சுவாமி விபுலாநந்தர் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் இன்று பிள்ளைகள் இந்தக் கலைகளில் பட்டம் பெறுகிறார்கள். நாடகமும் அரங்கியலும் ஓ.எல்லுக்கும் ஏ.எல்லுக்கும் பாடம். கூத்தாடினால் படிப்புக் கெடும் என்பது எல்லாருக்கும் பொருந்தும் விதியில்லை.

கெடக்கூடிய ஒன்று நித்திரை. ஏ.எல் வகுப்புத் தொடங்கியதும் காலையில் ரியூசன், இரவில் களரி என்று ஓடினால் பிள்ளை களைத்துப்போவான். பெறுபேறு வரும்வரை கிழமையில் எத்தனை நாள் என்றாலும் போகட்டும். வகுப்புத் தொடங்கியதும் வெள்ளி, சனி இரவுகளோடு நிறுத்த முடியுமா என்று இப்போதே பேசி வையுங்கள். இதை அண்ணனுக்கு முன்னால் பேசுங்கள், அவரையும் அண்ணாவியாரிடம் கூட்டிப் போங்கள். தன் சொல்லை மதித்தார்கள் என்று அவருக்குத் தெரிந்தால் எதிர்ப்புப் பாதியாகக் குறையும்.

இவ்வளவுக்கும் பிறகு மகன் "ஏலா" என்றே நின்றால்? பிடித்து இழுக்க வேண்டாம். ஆனால் அந்த ஒரு சொல்லோடு கதையை முடித்துவிடவும் வேண்டாம். "ஆடவா ஏலா, வந்து பார்க்கவும் ஏலாதா?" என்று கேளுங்கள். அதற்கும் இல்லையென்றால் முகாமில் பெயர் எழுதியது போன்ற ஒரு வேலையைத் தேடுங்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நேர்கடன் பதிவதற்கு ஒரு ஆள் தேவைப்படும். ஊர் விளையாட்டுக் கழகம் கரப்பந்துச் சுற்றுப்போட்டி வைத்தால் புள்ளி எழுத ஒரு ஆள் தேவை. இளைஞர் கழகத்தில் வரவுசெலவு பார்க்கக் கணக்குத் தெரிந்த பொடியன் கிடைப்பதே பெரிய பாடு. வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிற வேலையும் நல்லது. தன்னை விடச் சிறியவர்களோடு கதைப்பதிலிருந்து தொடங்குவது கூச்சமுள்ளவர்களுக்குச் சுகமானது. கிராம சேவகர் ஐயா இவனை முன்பே கண்டவர். அவரே ஒரு நாள் வீட்டுப் பக்கம் வந்து, "தம்பி, அன்றைக்குப் போல ஒரு பதிவு வேலை இருக்கு, உன்ட உதவி வேணும்" என்று கேட்டால் அது உங்கள் பத்து அறிவுரைக்குச் சமம். நீங்கள் போய் அவரிடம் சொல்லி வைக்கலாம், ஆனால் வேலை உண்மையான வேலையாக இருக்க வேண்டும். பிள்ளையைத் தேற்றுவதற்காகப் போட்ட வேலையைப் பதினாறு வயதுப் பிள்ளை உடனே கண்டுபிடித்துவிடும், அதற்குப் பிறகு உங்களை நம்பவும் மாட்டான்.

வீட்டில் நீங்கள் மாற்ற வேண்டியது இரண்டுதான். யாராவது அவனிடம் ஏதும் கேட்டால் அவனுக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள், அவன் தயங்கி நிற்கிற அந்தச் சில விநாடியைப் பொறுத்துக்கொள்ளுங்கள். வந்தவர்களுக்கு முன்னால் "இவன் இப்படித்தான்கா, வாய் திறக்கான்" என்று சொல்வதையும் விட்டுவிடுங்கள், அன்பாகச் சொன்னாலும் அது அவன்மேல் ஒட்டிக்கொள்ளும். கணவரிடமும் சொல்லுங்கள், போனில் "ஏன் கதைக்கிறாயில்ல?" என்று கேட்காமல், மோட்டர் சைக்கிள் பற்றியோ கிரிக்கெட் பற்றியோ அவனுக்குத் தெரிந்த ஒன்றை அவனிடம் விசாரிக்கட்டும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். சாப்பாடும் நித்திரையும் குழம்பி, வீட்டாரோடும் பேச்சு நின்று, கிழமைக்கணக்கில் அறையை விட்டு வராமல் இருந்தாலோ, வெளியே போகும்போது மூச்சு முட்டி நெஞ்சு அடித்தாலோ, "இருந்து என்ன பிரயோசனம்" என்பது போன்ற சொல் அவன் வாயிலிருந்து வந்தாலோ கூத்தையும் வேலையையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். சாவைப் பற்றிக் கதைத்தால் அன்றைக்கே போக வேண்டும். இன்னொன்று, அவனுக்குக் கொன்னல் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தால் அதற்கென்று பேச்சுச் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், அதைக் கூச்சம் என்று எண்ணி விட்டுவிடக் கூடாது.

இனி மகள். கடிதத்தின் கடைசியில் அவளைப் பற்றி எழுதியதைத்தான் நீங்கள் முதலில் செய்ய வேண்டும் என்று நினைக்கிறேன். கூச்சமில்லாத பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்ற எண்ணம் பல தாய்மாருக்கு உண்டு. பதினாலு வயது என்பது நம் ஊர்களில் பெண் பிள்ளைகள் மைதானத்தை விட்டு ஒவ்வொருவராகக் காணாமல் போகிற வயது. பெரிய பிள்ளையாகிவிட்டாள், பின்னேரம் தாமதமாகும், ஊர் என்ன சொல்லும் என்று அடுக்கடுக்காகக் காரணம் வரும். அவள் வாயாடியாக இருப்பது இன்றைய கதை. கேட்டதற்கெல்லாம் "இப்போதைக்கு வேண்டாம்" என்று கேட்டுக் கேட்டு, இருபது வயதில் வாய் அடங்கிப்போன பெண் பிள்ளைகள் பலர் என்னிடம் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

கபடி அவளுக்குக் கற்றுக் கொடுக்கப்போவதும் சின்ன விடயமில்லை. மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு தனியே எதிர்ப்பக்கத்துக்குள் போக வேண்டும், பிடிபட்டால் எல்லாரும் பார்க்க வெளியே போய் இருக்க வேண்டும், தன் அணி எதிரணி ஆளை வெளியேற்றியதும் திரும்ப உள்ளே வர வேண்டும். ஒரே ஆட்டத்தில் பல தடவை தோற்றுத் திரும்ப எழும்பப் பழகுகிற பிள்ளைக்குப் பரீட்சையோ வேலையோ கைவிட்டாலும் நொறுங்கிப்போகிற மனம் வராது. அம்பாறை மாவட்டத்தின் அறுகம்பையில் பெண்கள் சேர்ந்து 2018இல் அலைச்சறுக்குக் கழகம் ஒன்றைத் தொடங்கினார்கள், நாட்டிலேயே பெண்களுக்கென்று முதலாவது. கடல் ஆண்களுக்கானது என்றிருந்த ஊரில் அது நடந்தது. உங்கள் மகள் கேட்பது பாடசாலை வளவுக்குள் இருக்கிற ஒரு கபடித் தளம்.

பொறுப்பான ஆசிரியையைப் போய்ப் பாருங்கள். பயிற்சி எந்த நாட்களில், எத்தனை மணிக்கு முடியும், வெளியூர்ப் போட்டிக்குப் போனால் கூட வரும் பெண் ஆசிரியர் யார், என்ன உடை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு "வேண்டாம்" என்று சொன்ன நீங்களே அவளைக் கூப்பிட்டு, "போ மகள்" என்று சொல்லுங்கள், வேறு ஆளை விட்டுச் சொல்ல வேண்டாம். பின்னேரம் தனியாக வருவது கவலையாக இருந்தால், பயிற்சி முடியும் நேரத்துக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிவர அவளுடைய அண்ணனை, உங்கள் மூத்தவனை, அனுப்புங்கள்.